பியூலாவின் பக்கத்துப் பாய்

எங்கள் எம்மாவூர்க் கோயிலில் ஜெபம் நடக்கும்போது ஒருத்தரும் கண்ணை மூடுவதில்லை என்று சுற்றுப்பட்டி ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள், பேசிவிட்டுப் போகட்டும், அவர்கள் கோயிலில் ஜெபத்தின் நடுவே ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற சட்டி ஒன்று வந்து பாயில் உட்கார்ந்தால் அவர்கள் மட்டும் மூடிக்கொண்டா இருப்பார்கள்? அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு அது தொடங்கியது. ஏலத்தில் போன பூசணிக்காயும் வாழைத்தாரும் விட்டுச் சென்ற வாசனை கோயிலுக்குள் இன்னும் இருந்தது. ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமும் வழக்கம்போலப் பாயில் முழங்கால் போட்டிருந்தோம். ஐயர், எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்லுவோம், பொது ஜெபத்தை ஆரம்பித்தார். அவர் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் ஒவ்வொருவர் பக்கத்திலும், அவரவர் மனசு வேறு எதையும்விட அதிகமாக எதைக் கேட்டுக்கொண்டிருந்ததோ அது, வந்து இருந்தது.

ஆச்சரியப்பட்டீர்களா என்று கேட்கிறார்கள். அதற்கு எங்கே நேரம்? அடுத்தவர் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து முடிக்கவே ஆராதனை நேரம் போதவில்லை. லில்லியம்மாள் பக்கத்தில் பச்சை மூடி போட்ட வாஷிங் மெஷின் இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர் யோசேப்பு பக்கத்தில்தான் அந்தக் கறிச்சட்டி, ஆவி பறந்தது, வாசனை மட்டும் வரவில்லை. பிளசிங் என்கிற பையன் பக்கத்தில் பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெனிபர் இன்னொரு ஜெனிபராக உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கத்தில் துபாய் போகிற விமானத்தின் ஒரு ஜன்னல் இருந்தது, ஆகவே அந்தக் காரியம் நடக்கவில்லை. எதையும் தொட முடியாது, தொட்டால் கை காற்றைத் துழாவும். ஐயர் கடைசியில் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறி நாங்கள் ஆமென் சொன்னதும் எல்லாம் போய்விடும். இதில் ஒரே ஒரு சங்கடம், நம்முடையது நம் கண்ணுக்குத் தெரியாது, ஊர் முழுக்கத் தெரியும்.

ஏன் வந்தது என்று யாரும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. புதுசாக வாங்கின ஒலிபெருக்கிதான் காரணம் என்று சிலர் சொன்னதால் அதை ஒரு வாரம் கழற்றி வைத்துப் பார்த்தோம், அப்போதும் வந்தது, அதனால் திரும்ப மாட்டிவிட்டோம். அதற்கப்புறம் இடவசதிதான் பிரச்சினை. கோயில் நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டி கூடி, பெரிய சாமான் ஆசைப்படுகிறவர்கள் எல்லாம் கடைசி வரிசைக்குப் போகவேண்டும் என்று முடிவெடுத்தது, ஜே.சி.பி. ஆசைப்பட்ட ஒருவர் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டார். ஐயர் பக்கத்தில் ஒரு கட்டில் இருந்தது, மெத்தை, தலையணை, கொசுவலை எல்லாம் கட்டி. அதைப் பார்த்த பிறகு நாங்கள் இருட்டினதுக்கப்புறம் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டோம், சண்டையானாலும் சளியானாலும் காலையில் போய்ச் சொன்னோம், மனுஷன் பிரசங்கத்தில் கோபம் பாதியாகக் குறைந்து போனது. ஆசீர்வாதம் வாத்தியார் கதை வேறு. எங்கள் ஊரில் நீளமாக ஜெபம் பண்ணுகிறவர் அவர்தான், "ஆண்டவரே நீர் ஒருவரே போதும்" என்று அழுதுகொண்டேதான் முடிப்பார், அவர் பக்கத்தில் அவருடைய படம் போட்ட ஃப்ளெக்ஸ் போர்டு நின்றது. யாரோ ஒரு பாவி அதை அவரிடமே சொல்லிவிட, வாத்தியார் மறு வாரம் இன்னும் சத்தமாக "நீரே போதும், நீரே போதும்" என்று கதறினார். போர்டு நாலு அடி வளர்ந்தது.

யார் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவரிடமே சொல்லக்கூடாது என்று கமிட்டி கட்டுப்பாடு போட்டது. வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துபோகும், எங்கள் கட்டுப்பாட்டின் லட்சணம் அது. இரண்டு பேர் விஷயத்தில் மட்டும் ஊர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக்கூட மிரட்டி வைத்திருந்தோம்.

மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கும் பொன்சிங்கும் அவன் பெண்டாட்டி பியூலாவும்தான் அந்த இரண்டு பேர். அவர்களுக்கு ஒரே பிள்ளை, எப்சிபா. பைபிளில் ஒரே வசனத்தில் அக்கம்பக்கமாக வருகிற இரண்டு பெயர்கள் என்பதால் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பெயரை எடுத்துப் பியூலா மகளுக்கு வைத்தாள், எல்லோரும் எப்சி என்று கூப்பிட்டோம். கோயிலில் இதெல்லாம் தொடங்குவதற்கு முந்தின மழைக்காலத்தில் எப்சி காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு வயசு. அன்று சாயங்காலம் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது என்று பியூலா கடைக்குப் போன் பண்ணினாள், கையில் இருக்கிற காயிலைக் கட்டி முடித்துவிட்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று பொன்சிங் சொன்னான், கொண்டுபோய்ச் சேர்க்கும்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. சீக்கிரம் போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லத்தான் செய்தார்கள். அது அவன் காதில் ஏறவில்லை.

ஆக அந்த முதல் ஞாயிறு பியூலா பக்கத்தில் எப்சி வந்து உட்கார்ந்தாள். சம்மணம் போட்டு, பின்னலின் நுனியைக் கடித்துக்கொண்டு, நன்றாக எண்ணெய் வைத்துச் சீவி. ஆண்கள் பக்கத்திலிருந்த பொன்சிங் அதைப் பார்த்தான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்த ஒருத்தரும் அப்புறம் அதைப்பற்றிப் பேசமாட்டார்கள். அன்றிலிருந்து மழையோ வெயிலோ முதல் மணிக்கே வந்து, நடைபாதை ஓரமாக, பெண்கள் பக்கம் நன்றாகத் தெரிகிற இடத்தைப் பிடித்துவிடுவான். பெற்றவள் மனசு பாருங்கள், அந்தப் பிள்ளை அங்கே வளர்ந்தது. கிறிஸ்துமஸுக்குப் பியூலா யாருக்கும் தெரியாமல் மனசுக்குள்ளேயே துணி எடுத்துத் தைத்திருப்பாள் போல, எப்சி நீல நெட் துணியில் கவுன் போட்டு வந்தாள். விழுந்திருந்த முன்பல் மெல்ல முளைத்தது. ஈஸ்டர் சமயத்தில் அம்மாவின் தோள்வரை வந்துவிட்டாள். திங்கள் முதல் சனி வரை பொன்சிங் நடைப்பிணம். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் அவன் தகப்பன்.

இனி அவன் பக்கத்தில் இருந்ததைச் சொல்லவேண்டும். அங்கேயும் எப்சிதான். ஆனால் பாயில் படுத்துக் கிடந்தாள், ஆஸ்பத்திரியின் பச்சைப் போர்வை நெஞ்சுவரை, கையில் ஊசி குத்தி ஒட்டின பிளாஸ்திரி, உதடு வெடித்து. அவனுக்கு வேண்டியது அந்தச் சாயங்காலம்தான், அதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான், அதனால் அந்தச் சாயங்காலம் வந்து அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டது. வாரா வாரம் பியூலா பார்த்தது இதை. கண்ணை எடுக்கவும் அவளால் முடியவில்லை, என்ன இருந்தாலும் பிள்ளை அல்லவா. அவன் வளர்கிற மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் சாகிற மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாங்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டு ஞானப்பாட்டு பாடினோம். அவனும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் இதுவும் போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு. அவளுக்கு, சொன்னால் அவன் தாங்கமாட்டானே என்று.

இப்படி ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிறு பொது ஜெபத்தில், ஊரே முழித்துக்கொண்டிருக்க, பியூலா கண்ணை மூடினாள்.

முதலில் தலைவலி என்று நினைத்தோம். அடுத்த வாரமும் மூடினாள். அதற்கடுத்த வாரமும். கொஞ்ச நாளில் அவள் பக்கத்திலிருந்த எப்சி, பலதடவை துவைத்த சீலை மாதிரி, சாயம் இறங்க ஆரம்பித்தாள். பின்னல் மங்கியது. கவுனின் நீலம் போய் அதன் வழியாகப் பாயின் கோரை தெரிந்தது. பொன்சிங்குக்கு உயிர் கையில் இல்லை. ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஓடினான். பரணில் ஏறி, மூட்டை கட்டிப் போட்டிருந்த பள்ளிக்கூடப் பையை எடுத்து நடுவீட்டு ஆணியில் மாட்டினான். எப்சிக்குப் பிடிக்கும் என்று பால்கொழுக்கட்டை செய்யச் சொன்னான். படுக்கிற நேரம் சாப்பிடுகிற நேரம் எல்லாம் அவள் பேச்சையே எடுத்தான், அவள் எப்படிச் சிரிப்பாள், எப்படி நடப்பாள் என்று. ஆறின புண்ணை அவனே நகத்தால் கிளறினான், தெரிந்தே கிளறினான், பெண்டாட்டி அழவேண்டும், ஏங்கவேண்டும், அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை முழுசாக வருவாள். கெட்டவன் இல்லை அவன். ஆனால் அந்த நாட்களில் அவன் செய்தது கெட்ட காரியம்தான், அதை மழுப்பக்கூடாது.

பியூலா அழுதாள். கொழுக்கட்டை செய்தாள், பையை எடுத்துத் தடவினாள், அவன் சொன்னதற்கெல்லாம் "ஆமா, அப்படித்தான் சிரிப்பா" என்றாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு துணி காயப்போடப் போனாள். ஞாயிறு வந்ததும் கண்ணை மூடினாள். எப்சி இன்னும் மங்கினாள்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டு முன்னால் அவன் வெடித்தான். பக்கத்து வீட்டுச் சுவர் அரைச்செங்கல் சுவர், எங்களுக்கு ஒரு சொல் தப்பவில்லை.

"ஏளா, புள்ளைய மறந்துட்டியா நீ?"

"மறக்கல."

"மறக்காமயா வாரா வாரம் கொறஞ்சிக்கிட்டே வாரா?"

"யாரு கொறையுதா?"

அவன் வாயைவிட்டு வந்துவிட்டது. அதற்கப்புறம் மறைத்து என்ன ஆகப்போகிறது, எல்லாவற்றையும் கொட்டினான், பல் முளைத்தது, தோள்வரை வளர்ந்தது, நீலக் கவுன். பியூலா கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு, "நெட்டா அது? கைக்கு சுருக்கம் வச்சிருந்துச்சா?" என்றாள்.

"வச்சிருந்துச்சி."

"அத நான்தான் மனசுல தச்சேன்" என்று சொல்லி அவள் சிரிக்கவும் அழவும் செய்தாள்.

"அப்ப ஏன் வெரட்டுன? கண்ண மூடிக்கிட்டு என்ன பண்ணுத நீ? ஆண்டவர்ட்டதான பேசுத, போயி அவர்ட்ட அவளக் கேளு!"

"கேக்கத்தான் போனேன்" என்றாள் பியூலா. "ஒரு திருவிருந்து அன்னைக்கி உங்க பக்கத்தையே பாத்துக்கிட்டு முன்னால போயி முழங்கால் போட்டேன். திரும்பி வந்து பாயில உக்காந்தப்பறந்தான் வாயில அப்பம் இருக்கது தெரிஞ்சிது. எப்ப வாங்குனேன், ஐயர் என்ன சொல்லிக் குடுத்தாவ, ஒன்னும் தெரியல. பசிச்சவளுக்கு எலை போட்டு சோறு வச்சும் தின்னது தெரியலன்னா அவ எந்தக் காலத்துல வயிறு நெறைவா? வெக்கமாப் போச்சி எனக்கு. அன்னையிலருந்து மூடுனேன். மொதல்ல வெறும் இருட்டு. எப்சியத் தாரும், எப்சியத் தாரும்னு கேட்டுக்கிட்டே கெடந்தேன். அப்பறம் அந்த இருட்டுல நான் தனியா இல்லன்னு தெரிஞ்சிது. அதுக்குமேல எனக்குச் சொல்லத் தெரியலைங்க. அவரு இருந்தாரு. போதும்னு இருந்துச்சி. கேக்க வந்தத கேக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டியா!" தட்டு சுவரில் மோதின சத்தம் எங்களுக்குக் கேட்டது. "பெத்த புள்ளையக் கேக்க மறந்துட்டேன்னு சொல்லுத, ஒனக்குக் கூசலியா?"

"கூசிச்சி. மறுபடியும் கேக்கலாம்னுதான் அடுத்த வாரம் போனேன். கேக்க வேண்டியதில்லன்னு ஆயிப்போச்சி. அவரே வேணும்னு கேட்டுத்தான் போகணும்னு இருக்கு இப்ப. அவ அவர்ட்டதான இருக்கா."

பிறகு அவன் குரல் இறங்கி வந்தது. "எம் பக்கத்தப் பாத்தேன்னியே. எம் பக்கத்துல என்ன இருக்கு?"

"கேக்காதீங்க" என்றாள் பியூலா.

அடுத்த ஞாயிறு அவள் பக்கத்தில் எப்சி இல்லை. வேறு எதுவும் இல்லை. வெறும் பாய். எங்கள் ஊரில் பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்கு விளங்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சிலர் சொன்னோம், ஆமாம், நாங்கள்தான் சொன்னோம். ஆசைப்பட ஒன்றும் இல்லாதவளுக்குக் கோயிலில் என்ன வேலை என்று வாத்தியார் கேட்டார். ஆனால் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், சந்தைக்குப் போனாள், கத்தரிக்காய்க்காரியிடம் பேரம் பேசிச் சண்டை போட்டாள், எப்சி பிறந்தநாள் வந்தபோது கல்லறைத் தோட்டத்துக்குப் போய் விம்மி விம்மி அழுதுவிட்டு வந்து எங்களுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். இப்படி ஒரு ஜென்மத்தை நாங்கள் பார்த்ததில்லை. இன்னொன்றும் நடந்தது. இடம் சும்மாதானே கிடக்கிறது என்று லில்லியம்மாள் தன் பையைப் பியூலா பக்கத்துப் பாயில் வைத்தாள், வைத்த வேகத்தில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏன் எடுத்தீர்கள் என்று வெளியே வந்ததும் கேட்டோம். "ஆள் இருக்க எடத்துல பைய வைக்கவா?" என்றாள். அவளுக்கே அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அதற்கப்புறம் அந்தப் பாயில் ஒருத்தரும் எதையும் வைக்கவில்லை.

பொன்சிங் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அங்கே பார்க்க அவனுக்கு என்ன இருந்தது? ஞாயிறும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டின காயிலையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். பிள்ளையை இரண்டாம் தடவை பறிகொடுத்தவன், இந்தத் தடவை துஷ்டி கேட்கக்கூட ஆள் போகவில்லை. எங்களுக்கு என்ன சொல்லி துஷ்டி கேட்பது என்று தெரியவில்லை. பியூலா அவனை வா என்று ஒரு தடவையும் கூப்பிடவில்லை, சோறு மட்டும் கடைக்குக் கொண்டுபோய் வைத்தாள், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒரு ஞாயிறு பொது ஜெபம் தொடங்கின கையோடு அவன் வாசலில் நின்றான், க்ரீஸ் பிடித்த சட்டையோடு. ஆண்கள் பக்கம் நகர்ந்து இடம் விட்டார்கள். அவன் அங்கே போகாமல் நடைபாதையைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போனான், இந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து ஒரு ஆண்பிள்ளை செய்யாத காரியம், கமிட்டியில் ஒருத்தரும் எழுந்து தடுக்கவில்லை. அவன் கூடவே பச்சைப் போர்வையோடு அந்தப் பிள்ளையும் போனது. பியூலா பக்கத்துக் காலி இடத்தில் உட்காரக் குனிந்தவன், ஏனோ உட்காராமல், சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தான். எப்சி அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள்.

"பியூலா" என்றான். ஐயர் ஜெபத்தை நிறுத்திவிட்டார், அவரும் மனுஷன்தானே. "ஒரே ஒரு தடவ கண்ணத் தெறந்து பாரு. எனக்குத் தெரியல. எம் பக்கத்துல அவதான் இருக்காளா?"

பியூலா கண்ணைத் திறந்தாள். திறந்தால் பழையபடி அந்தப் பிள்ளையில் சிக்கிக்கொள்வாளோ என்று நாங்கள் பயந்தோம். அவள் நிதானமாகப் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை, ஆசை தீரப் பார்த்தாள். முகத்தில் அன்பு இருந்தது, பசி இல்லை.

"அவதான்" என்றாள்.

"எப்படி இருக்கா? வளந்துருக்காளா?"

"வளரல" என்றாள் பியூலா. "அன்னைக்கிச் சாயங்காலம் எப்படிக் கெடந்தாளோ அப்படியே கெடக்கா. கையில பிளாஸ்திரி இருக்கு."

பொன்சிங் குனிந்து, தன் கண்ணுக்கு ஒன்றுமில்லாத அந்தப் பாயைக் கையால் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு எங்கள் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதான், "நான்தான், நான்தான் லேட் பண்ணுனேன்" என்று அழுதான். அதை அவன் முதல்முதலாக வாயால் சொன்னது அன்றைக்குத்தான். பியூலா அவன் முதுகில் கையை வைத்தாள்.

"ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்கீங்க அவள. அங்கனயே எத்தன நாளைக்கிப் படுத்துக் கெடப்பா? கொண்டுபோயி விடுங்க."

"எங்கன கொண்டு விட?"

"வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பிறகு அவனும் மூடினான். பாயில் கிடந்த பிள்ளை போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தது. கோயிலில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம், அவர்கள் இரண்டு பேர் மட்டும் பார்க்கவில்லை.